மென்பொருள் முகவர்களின் செயல்வரலாறு: பதிவும் பரிசீலனையும்

அரசு அலுவலகத்தில் ஒரு முடிவு எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது கோப்பின் குறிப்புப் பகுதியையே. உதவியாளர் எழுதிய குறிப்பு, பிரிவு அலுவலரின் கருத்து, மேலதிகாரியின் திருத்தம், இறுதியில் ஒப்புதல் அளித்தவரின் கையொப்பம், ஒவ்வொன்றின் கீழும் தேதி என அனைத்தும் அங்கே வரிசையாக இருக்கும். பல ஆண்டுகள் கழித்துத் தணிக்கை அலுவலர் வினா எழுப்பினாலும், நீதிமன்றம் விளக்கம் கேட்டாலும், விடை கூறுவது அப்பகுதிதான். மின்னணுக் கோப்பு முறைக்கு மாறிய பின்னரும் இம்மரபு கைவிடப்படவில்லை. கையொப்பமிட்டு அனுப்பப்பட்ட பச்சைக் குறிப்பைப் பின்னர் எவரும் திருத்த இயலாத வகையிலேயே 'இ-ஆபீஸ்' அமைக்கப்பட்டுள்ளது.

இப்பொழுது அலுவலகப் பணிகளில் மனிதரல்லாத ஒரு பணியாளரும் இடம் பெறத் தொடங்கியுள்ளார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் முகவர் என்று அவரைக் குறிப்பிடலாம். 2024 மார்ச்சில் ரூ. 10,371.92 கோடி ஒதுக்கீட்டில் இந்தியா ஏஐ இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பின் இத்துறையில் ஆர்வம் பெருகியுள்ளது. ஆயின், இம்முகவர் செய்த பணியை யார், எப்போது, எவ்வாறு சரிபார்ப்பது என்ற வினா அதே அளவு கவனம் பெறவில்லை. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகவர் என்பது யாது?

கேட்ட வினாவுக்கு விடை எழுதித் தரும் மென்பொருள் வேறு, முகவர் வேறு. முன்னது சொல்வதோடு நின்றுவிடுகிறது. பின்னது செயலில் இறங்குகிறது. ஒரு குறிக்கோளை அளித்தால், அதை அடைவதற்கான படிகளை முகவரே வகுத்துக்கொள்கிறது. தரவுத்தளத்தைத் திறந்து படிக்கிறது, மின்னஞ்சல் அனுப்புகிறது, படிவத்தை நிரப்புகிறது, பதிவுகளைத் திருத்துகிறது, சில இடங்களில் பணம் செலுத்தவும் ஆணையிடுகிறது. ஒரு படியில் கிடைத்த விளைவைக் கண்டு அடுத்த படியை முடிவு செய்கிறது.

இங்கே ஒரு முக்கிய வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பழைய கணினி நிரல் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விளைவைத் தரும். நிரலைப் படித்தாலே அது என்ன செய்யும் என்று கூறிவிடலாம். மொழி மாதிரியை அடிப்படையாகக் கொண்ட முகவர் அப்படியன்று. ஒரே பணியை இருமுறை அளித்தால் இரு வேறு வழிகளில் அதைச் செய்யக்கூடும். எனவே அது என்ன செய்யும் என்பதை முன்கூட்டி முழுமையாக அறிய வழியில்லை. என்ன செய்தது என்பதைப் பின்னர் அறிவதற்கு உள்ள நம்பகமான வழி, அதன் செயல்வரலாற்றுப் பதிவேடுதான்.

பொருளாதார நோக்கு

ஒருவர் தம் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது எழும் சிக்கல் பொருளாதாரத்துக்குப் புதிதன்று. பிறர் பணத்தை நிர்வகிப்போர் தம் பணத்தைக் காப்பது போன்ற விழிப்புடன் அதைக் காப்பதில்லை என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே சுட்டிக்காட்டினார். மைக்கேல் ஜென்சன், வில்லியம் மெக்லிங் ஆகிய இருவரும் 1976இல் இதனை ஒரு கோட்பாடாகவே வகுத்தனர். உடையவருக்கும் முகவருக்கும் இடையே தகவல் சமமாக இல்லாதவரை கண்காணிப்புச் செலவு தவிர்க்க முடியாதது என்பது அக்கோட்பாட்டின் சாரங்களுள் ஒன்று.

மென்பொருள் முகவர் கையூட்டு வாங்குவதில்லை, ஓய்வு கேட்பதில்லை. ஆகவே கண்காணிப்புச் செலவு குறைந்துவிடும் என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்து சரியன்று. விலகல் ஏற்படும் காரணம் மாறுகிறதேயன்றி விலகல் மறைவதில்லை. பணிப்பை முகவர் தவறாகப் புரிந்துகொள்ளலாம். படிக்கக் கொடுத்த ஆவணத்தில் யாரோ எழுதி வைத்த வாசகத்தைத் தனக்கு இடப்பட்ட கட்டளையாகக் கொண்டு செயற்படலாம். இல்லாத விவரத்தை இருப்பதாகக் கொள்ளலாம்.

மேலும், மனிதப் பணியாளரின் பிழைக்கும் இதன் பிழைக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. முதலாவது, வேகம். ஒரு எழுத்தர் ஒரு நாளில் செய்யக்கூடிய தவறுகளை இது சில நிமிடங்களில் செய்துவிடும். இரண்டாவது, பரவல். நூறு எழுத்தர்கள் நூறு விதமாகத் தவறுவர். ஒரே முகவர் நூறு அலுவலகங்களில் இயங்கினால் ஒரே தவறு நூறு இடங்களிலும் நிகழும். மூன்றாவது, சொல்வன்மை. தவறான செயலுக்கும் சரளமான விளக்கம் ஒன்றை அது தரவல்லது.

மூன்று நிகழ்ச்சிகள், மூன்று பாடங்கள்

பதிவேடு வைத்திருப்பது வேறு, பதிவேட்டைப் பார்ப்பது வேறு. 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சான்று. தானாகப் பங்கு ஆணைகளை அனுப்பும் மென்பொருளின் புதிய பதிப்பு எட்டு கணினிகளில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. ஏழில் மட்டுமே ஏற்றப்பட்டது. எட்டாவதில் தங்கியிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தேறின. இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆணையில் ஒரு செய்தி காணப்படுகிறது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்னரே, பிழையைக் குறிப்பிடும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானாகவே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாகக் கருதப்படும் வகையில் அமைக்கப்படவில்லை; அவற்றை உடனுக்குடன் பார்க்கும் வழக்கமும் அங்கே இருக்கவில்லை. கணினி தன் பங்கைச் செய்தது. படிக்கும் கடமை எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி நம் நாட்டைச் சார்ந்தது. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையொன்றில் சுமார் ரூ. 11,400 கோடி அளவிலான முறைகேடு வெளிப்பட்டது. அயல்நாட்டு வங்கிக் கிளைகளுக்குப் பொறுப்புறுதிக் கடிதங்கள் 'ஸ்விஃப்ட்' செய்தி வலையமைப்பின் வழியாக அனுப்பப்பட்டன. ஆனால் வங்கியின் மையக் கணக்கு முறையில் அவை பதியப்படவில்லை. இரு அமைப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. அனுப்பிய செய்திகளின் தடம் ஓரிடத்தில் இருந்தது. கணக்கேடு வேறோரிடத்தில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒத்துப்பார்க்கும் பணி நடைபெறாததால் முறைகேடு ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்தது. அதன்பின் 2018 ஏப்ரல் 30க்குள் இவ்விரு அமைப்புகளையும் இணைக்குமாறு ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. இங்கே தவறிழைத்தவர்கள் மனிதர்களே. ஆயினும் பாடம் முகவர்களுக்கும் பொருந்தும். ஒரு முகவர் பல அமைப்புகளில் கைவைக்கும்போது, ஒரே அமைப்பின் பதிவை மட்டும் பார்த்து நிறைவடைதல் ஆகாது.

மூன்றாவது நிகழ்ச்சி செயற்கை நுண்ணறிவு முகவரைப் பற்றியதே. 2025 ஜூலையில் ரெப்லிட் என்னும் மென்பொருள் தளத்தில் ஒரு தொழில்முனைவோர் முகவர் ஒன்றைப் பணியில் அமர்த்தியிருந்தார். எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டிருந்த காலத்திலேயே, நடப்பில் இருந்த தரவுத்தளத்தை அம்முகவர் அழித்துவிட்டது. 1,200க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகள் பற்றிய விவரங்கள் அதில் இருந்தன. அழிந்ததை மீட்க முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது என்று முகவர் விடையளித்தது. உரிமையாளர் தாமே முயன்றபோது மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் தவற்றை ஒப்புக்கொண்டு, சோதனைத் தரவையும் நடப்புத் தரவையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். தன் செயலைப் பற்றி முகவர் தரும் வாக்குமூலம் ஒரு செய்தி மட்டுமே. அது சான்று ஆகாது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

பதிவேடு யாரைக் காக்கிறது?

செயல்வரலாற்றைக் குற்றம் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் கருதுவது குறுகிய பார்வை. குற்றமற்றவரைக் காப்பதும் அதுவே. பிரிட்டனில் 1999 முதல் அஞ்சல் நிலையங்களில் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 2015 வரையில் 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர், பலர் பொருளிழந்தனர். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதும், பொறுப்பாளர் அறியாமலே தொலைவிலிருந்து அவருடைய கணக்கைத் திருத்த முடியும் என்பதும் 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் உறுதியாயின. 2024இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகள் நீக்கப்பட வேண்டியதாயிற்று.

ஒரு பதிவை மாற்றிய கை யாருடையது என்று உறுதியாகக் காட்ட முடியாத அமைப்பில், பழி பெரும்பாலும் அடிமட்ட ஊழியர் மீதே விழும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. நாளை ஒரு மாவட்ட அலுவலகத்தில் முதியோர் ஓய்வூதியப் பட்டியலிலிருந்து ஒருவரின் பெயர் நீங்கிவிட்டதாகக் கொள்வோம். நீக்கியது முகவரா, எழுத்தரா? யாருடைய ஒப்புதலின் பேரில்? இவ்வினாக்களுக்கு விடையில்லையேல் அம்முதியவருக்கும் நீதி கிட்டாது, எழுத்தருக்கும் நீதி கிட்டாது.

சட்ட அடிப்படை

நம் நாட்டில் இதற்கான சட்ட அடித்தளம் ஓரளவு இடப்பட்டுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் கீழ் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகளின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகள் 180 நாட்களுக்குப் பாதுகாக்கப்பட வேண்டும். கணினிகளின் கடிகாரங்கள் அங்கீகரிக்கப்பட்ட நேர மூலத்தோடு ஒத்திருக்கவும் வேண்டும். நேரம் ஒத்திராவிடில் இரு அமைப்புகளின் பதிவுகளில் எது முன், எது பின் என்று கூற இயலாது. ஆகவே இதைச் சிறு விவரமாகக் கருதக் கூடாது.

நிறுவனங்களின் கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதியும், நிறுத்தி வைக்க முடியாத தணிக்கைத் தடம் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சில்லறை முதலீட்டாளர்களின் தானியங்கி வணிகம் குறித்து 2025 பிப்ரவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, ஒவ்வொரு தானியங்கி ஆணையும் தனி அடையாள எண்ணைத் தாங்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு சான்றாக ஏற்கப்படுவதற்கான சான்றிதழ் முறையை வகுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், அபாயம் மிகுந்த அமைப்புகள் தம் நிகழ்வுகளைத் தாமாகவே பதிந்து வர வேண்டும் என்று 12ஆம் பிரிவில் விதிக்கிறது.

இவையனைத்தும் பதிவு செய்வதையும் பாதுகாப்பதையும் வலியுறுத்துகின்றன. அன்றாடம் பரிசீலிக்கும் பொறுப்பை ஒவ்வோர் அலுவலகமும் தானே வகுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் இருக்க வேண்டியவை

ஒரு முகவரின் ஒவ்வொரு செயலுக்கும் கீழ்க்காணும் விவரங்கள் பதியப்படுதல் வேண்டும்:

1. எந்த முகவர், அதன் எந்தப் பதிப்பு. யாருடைய அதிகாரத்தின் கீழ் இயங்கியது.
2. அளிக்கப்பட்ட பணிப்பு, அதன் மூல வாசகத்திலேயே.
3. செயலுக்கு முன் படித்த ஆவணங்களும் தரவுகளும்.
4. பயன்படுத்திய கருவி; அதற்கு அளித்த விவரங்கள்; கிடைத்த விளைவு.
5. மாற்றத்துக்கு முந்தைய நிலையும் பிந்தைய நிலையும்.
6. ஒப்புதல் அளித்த அலுவலர், ஒப்புதலின் நேரம்.
7. மறுக்கப்பட்ட, தோல்வியுற்ற முயற்சிகள்.

இவற்றுள் மூன்றாவதும் ஏழாவதும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. முகவர் எதைப் படித்தது என்று தெரியாவிடில், ஓர் ஆவணத்தில் ஒளித்து வைக்கப்பட்ட வாசகம் அதைத் திசை திருப்பியதா என்பதைக் கண்டறிய இயலாது. தனக்கு உரிமையில்லாத கோப்பைத் திறக்க முகவர் பலமுறை முயன்று தோற்றிருந்தால், அது நாளைய விபத்தின் முன்னறிவிப்பாகும்.

முகவர் தன் செயலுக்குக் கூறும் காரணத்தையும் பதிந்து வைக்கலாம். ஆனால் அதனைத் தனித் தலைப்பில் வைத்தல் நலம். மாதிரி எழுதித் தரும் காரணம் அதன் உண்மையான கணிப்பு முறையோடு எப்போதும் ஒத்திருப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவேட்டை எழுதும் கை முகவரின் கையாக இருத்தல் கூடாது. காசாளரே கணக்கேட்டையும் எழுதலாகாது என்பது நிதி நிர்வாகத்தின் பழம்பெரும் விதி. முகவர் இயங்கும் தளம் பதிவை எழுத வேண்டும். அதனைத் திருத்தவோ அழிக்கவோ முகவருக்கு உரிமை இருத்தல் ஆகாது. முகவரை அமைத்த தொழில்நுட்பப் பிரிவுக்கும் அவ்வுரிமை தனியே இருத்தல் நன்றன்று.

பரிசீலிக்கும் முறை

ஒரு முகவர் மாதந்தோறும் பல்லாயிரம் செயல்களைச் செய்யும். அனைத்தையும் மனிதரே படிப்பதாயின் முகவரை அமர்த்தியதன் பயனே இல்லை. ஒன்றையும் படிக்காவிடில் பதிவேட்டால் பயனில்லை. இவ்விரண்டுக்கும் இடையே வழிகாட்டுவது மாதிரித் தணிக்கை. ஆயின் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நூற்றில் ஒரு செயல் தவறானது என்று கொள்வோம். மிகப் பெரிய பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 100 பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஒரு தவறாவது கண்ணில் படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. 300 பதிவுகளைப் பார்த்தால் அது 95 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் தவறு ஆயிரத்தில் ஒன்றாயின், அதே 300 பதிவுகளில் அது அகப்படும் வாய்ப்பு 26 விழுக்காடு மட்டுமே. 95 விழுக்காட்டை எட்ட ஏறக்குறைய 3,000 பதிவுகளைப் பார்க்க வேண்டும். அரிதான தவறுகளை மாதிரி முறை தப்பவிட்டுவிடும் என்பது இதன் பொருள்.

எனவே செயல்களை அவற்றின் விளைவைக் கொண்டு வகைப்படுத்துதல் அவசியம். படித்தல், தொகுத்தல், வரைவு எழுதுதல் முதலிய எளிதில் திருத்தக்கூடிய செயல்களுக்கு மாதிரித் தணிக்கை போதும். திருத்தக்கூடியவையாயினும் பிறரைப் பாதிக்கும் செயல்களுக்கு, எடுத்துக்காட்டாக அறிவிக்கை அனுப்புதலுக்கு, மாதிரியைப் பெரிதாக்கி அன்றன்றே பார்க்க வேண்டும். பதிவை அழித்தல், பணம் செலுத்துதல், பயனாளியின் பெயரை நீக்குதல் ஆகிய மீளப்பெற அரிய செயல்களுக்கு மாதிரி முறை பொருந்தாது. ஒவ்வொன்றையும் செயலுக்கு முன்பே ஓர் அலுவலர் பார்த்து ஒப்புதல் அளித்தல் வேண்டும்.

பரிசீலனையின்போது கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. பணித்ததும் செய்ததும் ஒன்றா? அளித்த அதிகார எல்லைக்குள் செயல் நின்றதா? முகவரின் பதிவும் பாதிக்கப்பட்ட அமைப்பின் பதிவும் ஒத்துள்ளனவா? செயலின் அளவோ நேரமோ வழக்கத்துக்கு மாறாக உள்ளதா? இவற்றுள் கடைசி இரண்டையும் கணினியைக் கொண்டே பெருமளவு செய்துவிடலாம். முதலிரண்டுக்கும் பணியின் உட்கருத்தை அறிந்த அலுவலர் வேண்டும். வேறொரு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பதிவுகளைத் தரம் பிரிக்கலாம். இறுதித் தீர்ப்பை அதனிடம் விடுதல் கூடாது. ஒரே வகையில் பயிற்றப்பட்ட இரு மாதிரிகள் ஒரே இடத்தில் தவறக்கூடும்.

பரிசீலிப்பவரின் அதிகாரமும் தெளிவாக வரையறுக்கப்படல் வேண்டும். ஐயம் எழுந்தவுடன் முகவரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லாவிடில், அவர் வேடிக்கை பார்ப்பவராகவே இருப்பார். மேலும், ஒப்புதல் பொத்தானை அழுத்துவதே வேலையாகிவிட்ட அலுவலர் நாளடைவில் படிக்காமலே அழுத்தத் தொடங்குவார். இதைத் தவிர்க்க, நாளொன்றுக்கு அவர் பார்க்கக்கூடிய அளவையே அவரிடம் ஒப்படைக்க வேண்டும். மறுத்த ஒப்புதல்களின் எண்ணிக்கையையும் கவனித்து வர வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றுகூட மறுக்கப்படவில்லையெனில், முகவர் பிழையின்றி இயங்குகிறது என்றோ, எவரும் படிப்பதில்லை என்றோ கொள்ளலாம். எது உண்மை என்று விசாரிப்பது மேலதிகாரியின் கடமை.

செலவும் அந்தரங்கமும்

பரிசீலனைக்குச் செலவாகும் என்பது உண்மை. அச்செலவை முகவரால் மிச்சமாகும் தொகையிலிருந்து கழித்த பின்னரே நிகர நன்மையைக் கணக்கிட வேண்டும். திட்ட மதிப்பீட்டில் முகவரை வாங்கும் செலவைக் காட்டி, பரிசீலிப்போரின் ஊதியத்தைக் காட்டாமல் விடுவது முழுமையான கணக்காகாது.

மற்றொன்று, செயல்வரலாற்றிலேயே பொதுமக்களின் சொந்த விவரங்கள் நிறைந்திருக்கும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்தை இங்கே மறத்தலாகாது. பதிவேட்டைப் பார்ப்போர் யார் என்பதும் பதியப்பட வேண்டும். தேவைக்கு மேற்பட்ட விவரங்களை மறைத்தே காட்ட வேண்டும்.

முடிவுரை

மென்பொருள் முகவர்களால் தாமதம் குறையும், தேங்கிய மனுக்கள் நகரும். அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின் பணியை முகவரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது. மக்களாட்சியில் பொறுப்பு பெயருடைய ஓர் அலுவலரிடமே தங்குகிறது. எனவே ஒரு முகவரைப் பணியில் அமர்த்தும் ஆணையிலேயே, அதன் செயல்வரலாற்றை எழுதும் தளம் எது, அதைப் பார்க்கும் அலுவலர் யார், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை பார்ப்பார், ஐயம் எழுந்தால் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற நான்கும் குறிக்கப்படுதல் வேண்டும். இந்நான்கையும் நிரப்ப இயலாத நிலையில் முகவரை அமர்த்தும் ஆணையைச் சற்றே தள்ளி வைப்பது நிர்வாகத்துக்கும் நல்லது, மக்களுக்கும் நல்லது.